ஃப்யூச்சரை 6-இல் வைத்தால்தான் க்ளோஸ் ஷேவ் என்பவர்களுக்கு

முள்தாடி
குழுவின் பிளேடு விவாத இழையில் சோலிங்கன்தாசன் எழுதியது இது: "மெர்க்கூர் ஃப்யூச்சரை 6-இல் வைத்து மழிக்காதவன் க்ளோஸ் ஷேவே பார்த்ததில்லை." படித்ததும் பற்றிக்கொண்டு வந்தது. ஃப்யூச்சர் என்பது பிளேடு இடைவெளியை 1 முதல் 6 வரை மாற்றிவைக்கும் ஜெர்மன் அட்ஜஸ்டபிள் ரேசர். புதிதாக இப்படி ஒன்றை வாங்கும் பையன்கள் இதை நம்பிக் கழுத்தைக் கிழித்துக்கொள்வார்கள். எண்ணைக் கூட்டினால் பிளேடு முனைக்கும் அதன் கீழே தோலில் படும் சேஃப்டி பார் என்ற விளிம்புக்கும் நடுவில் இடைவெளி கூடும். பிளேடு இன்னும் முரட்டுத்தனமாகப் பிடிக்கும், அவ்வளவுதான். வழவழப்பு வருவது பிடிக்கும் கோணத்தில். நான் மெர்க்கூரின் இன்னொரு அட்ஜஸ்டபிளான ப்ராக்ரஸை 2-இல் வைத்து மழிக்கிறேன். தாடைக்குக் கீழே எதிர்த்திசையில் விரலை ஓட்டினாலும் ஒன்றும் தட்டாது.

சோலிங்கன்தாசன்
ப்ராக்ரஸை வைத்துக்கொண்டு ஃப்யூச்சருக்குத் தீர்ப்பு சொல்கிறீர்கள். நல்லது. ஒரே ஒரு கேள்வி. ப்ராக்ரஸ் மேல்மூடியில் சின்னதாக ஒரு கோடு இருக்கிறது. அடித்தட்டில் இருக்கும் கோட்டோடு அது ஒரே பக்கமாக வர வேண்டும். மூடி இரண்டு பக்கமும் உட்காரும், ஆனால் திருப்பி மாட்டினால் கீழே இருக்கும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. உங்கள் 2 உண்மையிலேயே 2-தானா?

முள்தாடி
கோடு எனக்கும் தெரியும். நான் பேசியது கோணத்தைப் பற்றி. மூடி முகத்தில் பட்டு, கைப்பிடி ஏறத்தாழ 30 டிகிரி சாய்ந்திருந்தால் 2 போதும். 6-இல் வைத்து அழுத்தி இழுத்தால் முடி மட்டும் போகாது, தோலும் சேர்ந்து போகும். அப்புறம் படிகாரக் கட்டியைத் தேய்த்துக்கொண்டு கண்ணில் நீர் விட வேண்டியதுதான்.

சோலிங்கன்தாசன்
அழுத்தச் சொன்னது யார்? ஃப்யூச்சர் நூறு கிராமுக்கு மேல் எடையுள்ள ரேசர். அதன் எடையிலேயே அது ஓடும், கை சும்மா வழிகாட்டினால் போதும். அழுத்துகிறவர்கள் 1-இலும் வெட்டிக்கொள்வார்கள். கோடு எந்தப் பக்கம் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பழைய இரும்பு
ஜெர்மன் ரேசர்காரர்கள் இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். என்னிடம் இருப்பது ஜில்லெட்டின் பழைய அட்ஜஸ்டபிள் ரேசர், ஃபேட்பாய். தலைக்கு அடியில் எஃப்-2 குறி, அதாவது 1960-இன் இரண்டாம் காலாண்டு. எண் 1 முதல் 9 வரை. கோடு பார்க்கிற வேலை கிடையாது, மூடி கழன்று விழுகிற பயம் கிடையாது. கைப்பிடி நுனியைத் திருகினால் தலையின் இரண்டு கதவும் திறக்கும், பிளேடை வைத்து மூடினால் முடிந்தது. முதல் சுற்றுக்கு 5, எதிர்த்திசைச் சுற்றுக்கு 3. அறுபது வருடத்துக்கு முன்பே தீர்ந்துபோன விஷயத்துக்கு நீங்கள் அடித்துக்கொள்கிறீர்கள்.

சோலிங்கன்தாசன்
பழைய இரும்பு ஐயா, உங்கள் 5-ம் ப்ராக்ரஸின் 5-ம் ஒன்றா? இல்லையே. ஒவ்வொரு ரேசருக்கும் அளவு வேறு. எண்ணைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர் முதலில் அந்த எண் சரிதானா என்று பார்க்க வேண்டாமா? முள்தாடி தன் மூடியைப் பார்த்தாரா?

முள்தாடி
ஒவ்வொரு ரேசருக்கும் அளவு வேறு என்று இப்போது சொல்கிறீர்களே, இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்! பிறகு எப்படி 6 என்று ஊருக்கே உபதேசம் செய்தீர்கள்?

சோலிங்கன்தாசன்
ஃப்யூச்சரின் 6 என்று தெளிவாகத்தான் எழுதினேன். கோடு?

கோயம்புத்தூர் நுரை
யாரும் பிளேடைப் பற்றிப் பேசவே இல்லையே. ரொம்பக் கூரான ஃபெதர் பிளேடைப் போட்டு 6 என்றால் என் முகம் தாங்காது. செவன் ஓ க்ளாக் பிளேடு போட்டால் 4 கூட மென்மையாக இருக்கிறது. நான் பார்க்கர் வேரியண்ட் என்ற அட்ஜஸ்டபிள் ரேசர் வைத்திருக்கிறேன், நம் நாட்டில் செய்தது. இதற்குப் போய் ஜெர்மனிக்குப் பணம் கட்டுகிறீர்கள்.

சோலிங்கன்தாசன்
தம்பி, பார்க்கரைக் குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே பேச்சு ஃப்யூச்சர். அதன் மூடி திருகாணி இல்லாமல் அமுக்கி மாட்டுவது. ஈரக் கையோடு கழற்றும்போது பிளேடு இல்லாத இரு ஓரங்களையும் பிடித்துத் தூக்கத் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவர்கள்தான் 6-ஐப் பற்றிப் புகார் சொல்கிறார்கள். நான் பல வருடமாக 6-இல்தான் மழிக்கிறேன், என் கழுத்தில் ஒரு கீறல் காட்டுங்கள் பார்ப்போம்.

முள்தாடி
உங்கள் கழுத்து தோல்தானா என்றே சந்தேகமாக இருக்கிறது. சுருண்டு வளரும் முடி உள்ளவனுக்கு 6-இல் எதிர்த்திசையில் இழுத்தால் மறுநாள் முடி தோலுக்குள்ளேயே வளைந்து கட்டி கட்டியாக எழும்பும். அதை அனுபவித்தவன் இப்படிப் பேச மாட்டான்.

பழைய இரும்பு
கழற்றுவது என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஃபேட்பாயிலும் ஜில்லெட்டின் இன்னொரு அட்ஜஸ்டபிளான ஸ்லிம்மிலும் எண்ணை மாற்றும் முன் கைப்பிடி நுனியை அரைச் சுற்றுத் தளர்த்த வேண்டும். இறுக்கமாக இருக்கும்போதே சக்கரத்தைத் திருகினால் உள்ளே இருக்கும் பொறி பாழ். இந்தக் குழுவில் ஒருவரிடம் நான் வாங்கிய ஸ்லிம் 4-ஐத் தாண்டி நகரவே இல்லை. "லேசாக எண்ணெய் விட்டால் ஓடும்" என்றார். ஓடவில்லை.

கோயம்புத்தூர் நுரை
அது யாரென்று எனக்குத் தெரியும். எனக்கும் அவர் ஒரு பிரஷ் விற்றார், முதல் வாரத்திலேயே முடி கொட்டத் தொடங்கிவிட்டது.

சோலிங்கன்தாசன்
பெயர் சொல்லாமல் சுற்றி வளைக்க வேண்டாம். அந்த ஸ்லிம்மை விற்றது நான்தான். அனுப்பும்போது 9 வரை போனது, அதன் வீடியோ இன்னும் என்னிடம் இருக்கிறது. நீங்கள் தளர்த்தாமல் திருகிவிட்டு என் மேல் பழி போடுகிறீர்கள்.

பழைய இரும்பு
ஐம்பது வருடமாக ஜில்லெட்டில் மழிக்கிறவனுக்கு நீங்கள் திருகக் கற்றுக்கொடுக்கிறீர்களா? அந்த வீடியோவை இங்கேயே போடுங்கள்.

முள்தாடி
போடுங்கள், நானும் பார்க்கிறேன். அதில் சக்கரம் நகர்கிறதா, விரல் நகர்கிறதா என்று.

சோலிங்கன்தாசன்
போடுகிறேன். முள்தாடி அதற்குள் தன் ப்ராக்ரஸ் மூடியைப் படம் எடுத்துப் போடட்டும்.