ஓதக்கடை: கடலோதம் ஆற்றுக்குள் ஓயும் இடம்

அன்புள்ள ஐயா,

கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கமான ஓதம் ஆற்றுக்குள் கடைசியாக எட்டும் இடத்தை ஆங்கிலத்தில் head of tide என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் முன்வைத்த 'ஓத எல்லை' பொருள் பிழையாத சொல். ஆனாலும் கடலோரச் சமவெளியிலேயே பிறந்து அங்கேயே கடலில் சேரும் சிற்றாறுகளுக்கு அது பொருந்தவில்லை என்று எனக்குப் படுகிறது.

மேட்டு நிலத்திலிருந்து இறங்கும் ஆற்றில் ஓதத்துக்கு ஒரு தடை எதிர்ப்படும். அமெரிக்காவில் போட்டோமாக் ஆற்றில் வாஷிங்டனை ஒட்டியும் ஜேம்ஸ் ஆற்றில் ரிச்மண்டிலும் பாறைகள் குறுக்கிடுகின்றன. இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றில் டெடிங்டன் தடுப்பணை. அங்கெல்லாம் கோடு கிழித்து எல்லை என்று சொல்லிவிடலாம். சமவெளிச் சிற்றாற்றில் பாறை ஏது? வெகுதூரம் உள்ளே போனாலும் படுகை கடல்மட்டத்தை ஒட்டியே கிடக்கும். ஓதம் இளைத்து இளைத்து, எங்கே நின்றது என்றே தெரியாமல் ஓய்ந்துபோகும். அந்த இடமும் நிலைத்து நிற்பதில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மேலேறும். ஆற்றில் வெள்ளம் வந்தால் கீழே தள்ளப்படும்.

அதனால்தான் 'ஓதக்கடை' என்கிறேன். வாய்க்கால் நீர் கடைசியாக எட்டுவது கடைமடை. நீர் மிகுந்தால் எட்டும், குறைந்தால் எட்டாது. ஓதத்துக்கும் அதே கதை, கடல்தான் அதற்குத் தலைமடை. ஆங்கிலச் சொல்லைப் பார்த்து 'ஓதத்தலை' என்று ஆக்கினால் நம் காதில் அது தொடக்கம் என்றே விழும். கடை என்றால் வணிகக் கடை நினைவுக்கு வருமே என்றீர்கள். கடைக்கண்ணையும் கடைக்குட்டியையும் யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லையே. சுவர் ஈரத்தையும் ஓதம் என்பது உண்டுதான். ஆற்றைப் பற்றிய பேச்சில் அந்தக் குழப்பம் வராது.

இதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று. ஓதம் எட்டும் இடமும் உப்பு எட்டும் இடமும் ஒன்றல்ல. ஏறிவரும் கடல் ஆற்றின் நன்னீரை வடியவிடாமல் தேக்குகிறது. ஆகவே உப்பே வராத தொலைவிலும் நீர்மட்டம் ஏறி இறங்கும், பெரும்பாலான கடற்கரைகளில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை. அமேசானில் கடலிலிருந்து சுமார் 800 கி.மீ. உள்ளே, ஓபிடோஸ் நகர் வரை ஓதம் தெரிகிறது. உப்புநீர் அந்தப் பக்கமே போவதில்லை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது ஓர் இடமும் உண்டு. அதற்குக் கீழே நீரோட்டமே திரும்பி மேல்நோக்கி ஓடும். அதற்கு மேலே மட்டம் மட்டும் ஏறும், ஓட்டம் கடலை நோக்கியே இருக்கும்.

இந்த மூன்றாவது இடத்தை 'எதிரோட்ட எல்லை' எனலாம். உப்பு எட்டும் இடத்துக்கு 'உவர்முனை' என் விருப்பம். 'உப்புக்கடை' என்றால் நீங்கள் அஞ்சிய குழப்பம் நிச்சயம் வந்துவிடும்.

உவர்முனைக்கும் ஓதக்கடைக்கும் இடைப்பட்ட நீளத்தையும் கழிமுகம் என்றே எழுதிவருகிறோம். உப்பைத் தாங்காத மரங்கள் நன்னீர் ஓதத்தில் நாள்தோறும் நனைந்து நிற்கும் இடம் அது. அதற்கு 'நன்னீர் ஓதப்பகுதி' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. சுருக்கமாக உங்களுக்கு ஏதும் தோன்றினால் எழுதுங்கள்.