கட்டட வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

வணக்கம். எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் போன மாதம்தான் தன்னார்வலராகச் சேர்ந்தேன். நாற்காலி எடுத்துப் போடுவது, கூட்டக் குறிப்பு எழுதுவது, அவ்வளவுதான் வேலை என்று நினைத்தேன். முதல் கூட்டத்திலேயே ஒரு வரைபடத்தைக் கையில் கொடுத்து, "நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று விட்டுவிட்டார்கள்.

தெருமுனைக் காலிமனையில் எட்டு மாடி அடுக்ககம் வரப்போகிறது. ஆட்சேபங்களை எழுத்தில் கொடுக்க இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. கட்டவே கூடாது என்பதல்ல என் எண்ணம். வீடு தேடுபவர்களும் மனிதர்கள்தானே. எனக்கு உறுத்துவது மழைநீர். அந்த மனை தெருவைவிட ஒரு முழம் தாழ்வு. தெருத் தண்ணீர் முழுக்க அங்கே போய் நின்று, இரண்டு நாளில் மண்ணுக்குள் இறங்கிவிடும். வரைபடத்திலோ மண் கொட்டி மேடாக்கி, மதிலிலிருந்து மதில்வரை கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். வடிகால் என்று ஒரு புள்ளிக்கோடு வருகிறது, மதிலோரம் அப்படியே நின்றுவிடுகிறது. அப்புறம் தண்ணீர் எங்கே போகும்?

கூட்டத்தில் பாதிப் பேர் "புது ஆட்கள் வந்தால் தெரு கெட்டுவிடும்" என்றே பேசினார்கள். அதை எழுதிக் கொடுத்தால் குப்பைக்குத்தான் போகும். விதியோடு பொருத்திச் சொன்னால்தான் எடுபடும் என்று நினைக்கிறேன்.

தரைமட்ட அளவுகளையும் பக்க இடைவெளியையும் வரைபடத்தில் எப்படிச் சரிபார்ப்பது? எல்லோரும் கையெழுத்திட்ட ஒரே மனு நல்லதா, வீட்டுக்கு வீடு தனிக் கடிதமா? இதில் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். சனிக்கிழமை அடுத்த கூட்டம்.