இரண்டு அடுக்குக் கேக்: 30 செ.மீ. அடிக்கேக் நடுவில் அமுங்குகிறது, உதவுங்கள்

வெண்ணிலா:
அனைவருக்கும் வணக்கம். அம்மா அப்பாவின் 40-ஆவது திருமண நாளுக்கு என் கையாலேயே இரண்டு அடுக்குக் கேக் செய்துதர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. எண்பது பேர் வருகிறார்கள். கீழே 30 செ.மீ. வட்டம், மேலே 20 செ.மீ. வட்டம் என்று முடிவு செய்திருக்கிறேன். 20 செ.மீ. கேக் எனக்கு நன்றாகவே வரும்: மைதா, வெண்ணெய், சர்க்கரை தலா 225 கிராம், 4 முட்டை, 2 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 180 டிகிரி சூடு. பெரிய டின்னில் ஒத்திகை பார்த்தபோதுதான் சிக்கல். ஓரம் காய்ந்து நிறம் மாறிவிட்டது. நடுப்பகுதி மேலெழும்பி வெடித்து, ஓவனிலிருந்து எடுத்ததும் அமுங்கிவிட்டது. வெட்டினால் உள்ளே பச்சை மாவு. போதாததற்கு, ஜாமும் பட்டர்கிரீமும் வைத்து அடுக்கிய கேக்கின் பக்கவாட்டில் மறுநாள் காலை வளையம்போல் ஒரு புடைப்பு. எங்கே தவறுகிறது?

சல்லடை:
வாழ்த்துகள், நல்ல ஆசை. அளவை எத்தனை மடங்கு ஆக்கினீர்கள்? கலவை முழுவதையும் ஒரே டின்னில் ஊற்றினீர்களா?

வெண்ணிலா:
பேக்கிங் பவுடர் உட்பட எல்லாவற்றையும் 2.25 மடங்கு ஆக்கினேன், அதாவது 9 முட்டை. ஆம், முழுவதும் ஒரே டின்னில்தான். 20 செ.மீ. கேக்கை மட்டும் வழக்கமாக இரண்டு டின்களில் பிரித்து ஊற்றுவேன்.

சல்லடை:
கணக்கு மிகச் சரி. விட்டம் ஒன்றரை மடங்கானால் பரப்பு 2.25 மடங்காகும். குறை அளவில் இல்லை, சூடு உள்ளே போகும் வழியில் இருக்கிறது. சிறிய டின்னில் ஓரத்திலிருந்து நடுவுக்கு 10 செ.மீ., இதில் 15 செ.மீ.; போதாக்குறைக்குக் கலவையின் உயரமும் இரட்டிப்பு. ஓரம் வெந்து இறுகிய பிறகும் நடுவில் மாவு தளர்வாகவே இருக்கிறது. போக வேறு வழியில்லாமல் அங்கேதான் எழும்பி வெடிக்கிறது. உள்ளே வேகாததால் சூடு தணிந்ததும் தன் எடையைத் தாங்காமல் இறங்கிவிடுகிறது.

ஆகவே 30 செ.மீ. கேக்கையும் இரண்டு மெல்லிய அடுக்குகளாகவே சுடுங்கள். ஒரே டின்தான் என்றால், முதல் அடுக்கு வெந்து வரும் நேரத்தில் இரண்டாவதற்குப் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள். ஈரம் பட்டதுமே பேக்கிங் பவுடர் வேலையைத் தொடங்கிவிடும். கலந்த மாவைக் காக்க வைக்கக் கூடாது. சூட்டை 160 டிகிரிக்குக் குறையுங்கள், நேரம் கூடுதலாகும், பொறுமையாக இருங்கள். பேக்கிங் பவுடர் மொத்தம் 4 தேக்கரண்டி போதும், பெரிய கேக்கில் அது சற்றுக் குறைவாக இருப்பதே நல்லது.

இன்னொன்று, இதை நான் ஒருபோதும் விடமாட்டேன். பழைய பருத்தித் துண்டைப் பட்டையாகக் கிழித்து, நனைத்துப் பிழிந்து, அலுமினியத் தாளில் சுற்றி டின்னின் வெளிப்புறம் கட்டிவிடுங்கள். துணியில் ஈரம் இருக்கும்வரை அதன் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. ஓரம் அவசரப்படாமல் நடுவோடு சேர்ந்து வேகும், கேக் ஏறக்குறைய சமமாகவே எழும்பும்.

மரக்கரண்டி:
ஐசிங் பூக்கள் செய்யும் தட்டைத்தலை ஆணி ஒன்றை டின்னின் நடுவில் தலைகீழாக நிறுத்தி, அதன் மேல் மாவை ஊற்றினாலும் பலன் உண்டு. உலோகம் சூட்டை நடுவுக்குக் கடத்தும்.

சல்லடை:
ஆழமான ஒற்றைக் கேக்குக்கு அது நல்ல உத்தி. மெல்லிய அடுக்குக்குத் தேவைப்படாது, வீணாக ஒரு துளைதான் மிஞ்சும்.

மரக்கரண்டி:
ஒப்புக்கொள்கிறேன். சரி, புடைப்புக்கு வருவோம். அடுக்கிய கேக் தன் எடையில் மெல்ல இறங்கும்போது, இளகிய ஜாம் வெளியே பிதுங்குகிறது. முதலில் விளிம்பை ஒட்டி, கெட்டியான பட்டர்கிரீமால் விரல் தடிமனுக்கு ஒரு வரப்புக் கட்டுங்கள். ஜாம் அந்த வரப்புக்குள்ளேயே, அதன் உயரத்துக்குக் கீழேயே இருக்கட்டும். அடுக்கியதும் வெளிப்பூச்சுக்கு ஓடாதீர்கள். நன்றாகச் சுற்றி, மேலே லேசான தட்டு ஒன்றை வைத்து, இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். இறங்குவதெல்லாம் அப்போதே இறங்கிவிடும். காலையில் பிதுங்கியதைக் கத்தியால் வழித்து, துகள்களைப் பிடித்துவைக்க மெல்லிய முதல் பூச்சு கொடுத்து, அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்த பிறகு இறுதிப் பூச்சு.

நீலவானம்:
மேல் அடுக்கைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, எனக்கு அதுதான் கவலை! மேல் கேக்கின் எடையைக் கீழ்க் கேக் தாங்கக் கூடாது, குச்சிகள் தாங்க வேண்டும். 20 செ.மீ. கேக்கை அதே அளவுள்ள கேக் அட்டையின் மேல் வைத்துப் பூசுங்கள். அடிக்கேக்கின் நடுவில் அந்த அளவுக்கு வட்டம் குறித்து, கோட்டுக்குச் சற்று உள்ளே, உணவுக்கு உகந்த ஒரு மரக்குச்சியை அடி அட்டை தட்டும்வரை நேராக இறக்குங்கள். பூச்சின் மட்டத்தில் பென்சிலால் கோடிட்டு வெளியே எடுங்கள். அந்தக் குச்சியின் நீளத்துக்கே மற்ற நான்கையும் வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் அது இறங்கும் இடத்தில் தனித்தனியாக அளந்து வெட்டினால் கேக்கின் மேடுபள்ளம் அப்படியே குச்சிகளுக்கும் வந்துவிடும், மேல் அடுக்கு சாயும்.

வெண்ணிலா:
மிக்க நன்றி. குச்சி விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியாக ஒன்று: விழா வேறு இடத்தில், காரில் கொண்டுபோக வேண்டும். வீட்டிலேயே அடுக்கிவிடலாமா?

நீலவானம்:
வேண்டாம், தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோங்கள். குச்சிகளை வீட்டிலேயே இறக்கிவிட்டு, இரண்டையும் ஃபிரிட்ஜில் இறுகவைத்து எடுங்கள். பெட்டிகள் சாய்வான இருக்கையில் வேண்டாம். காரின் சமதளத்தில், வழுக்காத விரிப்பின் மேல் இருக்கட்டும். அங்கே போய் அடுக்கியதும் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். அதை மறைக்க, பைப்பிங் பையில் அதே நிறப் பட்டர்கிரீம் கொஞ்சம் கையோடு எடுத்துச் செல்லுங்கள். இன்றைக்கே ஃபிரிட்ஜ் தட்டையும் அளந்துவிடுங்கள், 30 செ.மீ. கேக்குக்கு அடி அட்டை அதைவிடப் பெரிது.