வாக்கில்லாத வயதுப் பிள்ளைகளுக்குச் சனநாயகத்தை எப்படிப் புரியவைப்பது?

கேள்வி: திருமலை ஆசிரியை (2025 யூன்)

அனைவருக்கும் வணக்கம். திருகோணமலை நகரப் பாடசாலையொன்றில் தரம் ஏழு மாணவருக்குக் குடியியல் கற்பிக்கிறேன். சென்ற செப்டெம்பரில் சனாதிபதித் தேர்தல், நவம்பரில் பாராளுமன்றத் தேர்தல், இந்த மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல் என எட்டு மாதங்களுக்குள் மூன்று தேர்தல்களை என் மாணவர்கள் கண்டுவிட்டார்கள். ஆயினும் சனநாயகம் என்றால் என்னவென்று கேட்டபோது வகுப்பில் முதலில் வந்த பதில், "பாடசாலைக்கு விடுமுறை" என்பதுதான். எங்கள் மண்டபம் வாக்கெடுப்பு நிலையமாகிவிடுவதால், அவர்கள் அனுபவத்தில் அது முற்றிலும் சரியான விடையே.

செய்து காட்டினால் புரியும் என்று நினைத்து, இடைவேளையில் மைதானத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று ஒரு வாக்கெடுப்பு நடத்தினேன். கிரிக்கெட்டுக்கு 22, வலைப்பந்துக்கு 13. முடிவை அறிவித்ததும் ஒரு மாணவி எழுந்து, "ரீச்சர், நாளைக்குக் கேட்டாலும் நாங்கள் பதின்மூன்று பேர்தான், அடுத்த வருடம் கேட்டாலும் பதின்மூன்று பேர்தான். பிறகு எதற்கு எங்களிடம் கேட்கிறீர்கள்?" என்றாள். இந்த ஊரில் வளர்ந்த எனக்கு அந்தக் கேள்வி மைதானத்தோடு நிற்கவில்லை.

மற்றொரு மாணவன், தான் தினமும் கடந்து வரும் மாகாண சபைக் கட்டடத்துக்கு எப்போது வாக்களிப்பார்கள் என்று கேட்டான். கிழக்கு மாகாண சபைக்கு 2012 செப்டெம்பருக்குப் பின்னர் தேர்தல் நடக்கவில்லை. 2017இல் சபையின் காலம் முடிந்ததிலிருந்து ஆளுநரே நிர்வகிக்கிறார். அப்படியானால் என் வகுப்பில் ஒருவர்கூடத் தாம் பிறந்தபின் அந்தத் தேர்தலைக் கண்டதில்லை. புத்தகத்தில் உள்ளதை மட்டும் சொல்லிவிட்டு இந்த இரண்டு கேள்விகளையும் கடந்துபோக மனம் ஒப்பவில்லை. பதினெட்டு வயதுக்கு முன் இவர்கள் எதில், எப்படிப் பங்குகொள்ளலாம்? அனுபவமுள்ளவர்கள் எழுதுங்கள்.

பதில் 1: மூதூர் ஓய்வுநிலை ஆசிரியர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். அந்தப் பிள்ளை கேட்டது சனநாயகத்தின் நடுநரம்பைத் தொடும் கேள்வி. வாக்கெடுப்பை நீங்கள் நேர்மையாக நடத்தியிருக்கிறீர்கள். ஆனால் வாக்குக்கு விடக்கூடாத ஒன்றை வாக்குக்கு விட்டீர்கள் என்று நினைக்கிறேன். சுற்றுலாவுக்குக் கன்னியாவுக்குப் போவதா, சேருவிலவுக்குப் போவதா என்று கைகளை எண்ணித் தீர்மானிக்கலாம். மைதானத்தில் யாருக்கு இடமே இல்லை என்பதை அப்படித் தீர்மானிக்க முடியாது.

எங்கள் அரசியலமைப்பே இந்த வேறுபாட்டைச் செய்கிறது. 225 பேர் கொண்ட பாராளுமன்றத்தில் சாதாரண சட்டத்துக்குச் சாதாரண பெரும்பான்மை போதும்; அரசியலமைப்பைத் திருத்துவதற்கு மூன்றில் இரண்டு, அதாவது 150 பேர் வேண்டும்; சில உறுப்புரைகளைத் தொடுவதற்கு அதற்கு மேலாக மக்கள் தீர்ப்பும் வேண்டும். இனம், மதம், மொழி, சாதி, பால் ஆகிய காரணங்களால் எவருக்கும் பாரபட்சம் காட்டக்கூடாது என்று 12ஆம் உறுப்புரை சொல்கிறது. அது மீறப்பட்டால் தனியொருவராக உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். அங்கே உங்கள் பக்கம் எத்தனை பேர் என்று எவரும் கேட்பதில்லை. நடைமுறை எப்போதும் எழுத்தைப் போல இருந்ததா என்று நீங்கள் கேட்கலாம்; இருந்ததில்லை என்பதற்கு நம் மாவட்டத்தைவிட வேறு சாட்சி வேண்டாம். ஆனால் இன்னதுதான் மீறப்பட்டது என்று பெயர் சொல்லி முறையிடுவதற்கேனும் அந்த எழுத்து தேவைப்படுகிறது.

வகுப்பில் இதை நான் மாம்பழத்தைக் கொண்டு விளக்குவதுண்டு. வீட்டில் ஒரு கறுத்தக்கொழும்பான் பழம், இரண்டு பிள்ளைகள். வெட்டுகிறவருக்குக் கடைசித் துண்டு என்று சொல்லிவிட்டால் பழம் தராசில் நிறுத்ததுபோல் வெட்டப்படும். மைதான அட்டவணையைக் கிரிக்கெட் அணியே தயாரிக்கட்டும். எந்த நாட்கள் தமக்கு என்பதை வலைப்பந்து அணி முதலில் தெரிவு செய்யட்டும். பிறகு பாருங்கள்.

பதில் 2: கிண்ணியாவிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சிறுவர் கழகங்களுடன் பல வருடங்களாக வேலை செய்கிறேன். ஆகவே பங்குகொள்வது பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஐக்கிய நாடுகள் சபை 1989 நவம்பர் 20ஆம் திகதி ஏற்றுக்கொண்டது. இலங்கை 1991இல் அதனை உறுதிப்படுத்தியது. மூதூர் ஆசிரியர் குறிப்பிட்ட அதே எண்தான் இதிலும்: சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்தைச் சொல்லும் உரிமை பிள்ளைக்கு உண்டு என்றும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பிள்ளை சொன்னபடியே நடக்க வேண்டும் என்று அது கூறவில்லை. பெற்றோர் பலர் இந்த இடத்தில்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் அது கேட்பது, காதுகொடுங்கள், ஏற்க முடியாவிட்டால் காரணத்தைச் சொல்லுங்கள் என்பதைத்தான்.

எனக்குத் தெரிந்த கழகமொன்றில், மாலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் வரும் ஒழுங்கையில் விளக்கு இல்லை. அவர்கள் வீட்டிலிருந்து பாடசாலை வரையான தமது பாதையை வரைபடமாக வரைந்து, நாய்கள் நிற்கும் இடம், மழைக்காலத்தில் நீர் தேங்கும் இடம், இருட்டான இடம் ஆகியவற்றுக்கு வேறு வேறு நிறம் தீட்டினார்கள். அதே ஒழுங்கையில் முப்பது வருடம் நடந்த எனக்கு அந்த நாய்கள் கண்ணில் பட்டதேயில்லை, ஏனென்றால் அவை பெரியவர்களைத் துரத்துவதில்லை. வரைபடத்தோடு கடிதத்தை உள்ளூராட்சி மன்றத்துக்குக் கொடுத்தார்கள். அவ்வருட ஒதுக்கீடு முடிந்துவிட்டது, அடுத்த வருடப் பாதீட்டில் சேர்ப்போம் என்று எழுத்தில் பதில் வந்தது. அந்தப் பதிலைப் பிள்ளைகள் பொலித்தீன் உறையிட்டு வைத்திருந்தார்கள்; மறு வருடம் அதையே எடுத்துக்கொண்டு போய்த்தான் கேட்டார்கள். மூன்று விளக்குக் கேட்ட இடத்தில் ஒன்று வந்தது.

பிள்ளைக்கு மிக அருகிலுள்ள அரசு பாராளுமன்றமல்ல, உள்ளூராட்சி மன்றம்தான். நூலகம், விளையாட்டு மைதானம், தெருவிளக்கு, வடிகான், குப்பை எல்லாம் அதன் கையில் இருக்கின்றன. உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தித்தால் அப்பகுதியில் சிறுவர் கழகம் இயங்குகிறதா என்று சொல்வார். பாடசாலைக்குள் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. ஆனால் அதில் "அமைச்சர்" பட்டங்களைப் பகிர்வதோடு நிறுத்திவிட்டு, மலசலகூடக் கதவைப் பற்றிப் பேச விடாத பாடசாலைகளையும் பார்த்திருக்கிறேன். ஒக்டோபர் முதலாம் திகதிச் சிறுவர் தினத்தன்று பதாகையைக் கொடுத்து, பிரதம அதிதி வரும்வரை பிள்ளைகளை வெயிலில் நிறுத்துவதை நான் பங்குபற்றல் என்று எண்ணுவதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளை முறையிடுவது துன்புறுத்தல் பற்றியதாக இருந்தால் அதைக் கூட்டத்தில் பேசவைக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு நீங்களே அழையுங்கள்.

பதில் 3: ஒரு தந்தை

மன்னிக்கவும், எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. நாங்கள் வளர்ந்த காலத்தில் பிள்ளைகளை அரசியல் எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை இங்கே எவருக்கும் விளக்கத் தேவையில்லை. படிக்கிற வயதில் படிக்கட்டும். பதினெட்டு வயதில் வாக்காளர் இடாப்பில் பெயர் வந்ததும் வாக்களிக்கட்டும்.

பதில் 4: கல்வெட்டு வாசகன்

மேலே எழுதிய ஐயாவின் அச்சம் நியாயமானது. ஆனால் பிள்ளையின் குரலைக் கேளாமல், பெரியவர்கள் தம் தேவைக்கு அதன் கையை மட்டும் எடுத்துக்கொள்வதுதான் ஆபத்து என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு.

சனநாயகம் என்றவுடன் நம்மவர்கள் தமிழ்நாட்டின் உத்தரமேரூர் என்ற ஊரில் சபைக்கு ஆட்களைத் தெரிந்த குடவோலை முறையை எடுத்துக்காட்டுவார்கள். பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டை நிதானமாகப் படித்தால், அது இன்றைய வாக்கெடுப்பு அல்ல, திருவுளச்சீட்டு என்று தெரியும். ஊரின் 30 குடும்புகளிலும், அதாவது வட்டாரங்களிலும், தகுதியானவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, குலுக்கி எடுத்தார்கள். கால்வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயதும், வேதப் பயிற்சியும் வேண்டும். பெண்களுக்கு இடமில்லை, நிலமற்றவருக்கும் இல்லை. அதேவேளை முன்பு பதவியிலிருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரையும் அவரது நெருங்கிய உறவினரின் பெயரையும் குடத்தில் இடக்கூடாது என்பது, இன்றும் பொறாமைப்பட வைக்கும் விதி.

ஓலையை எடுத்தது யார் தெரியுமா? ஒன்றும் அறியாத ஒரு சிறுவன். அவனுக்கு விவரம் தெரியாது என்பதே அவன் தகுதி. அந்தச் சபையில் பிள்ளைக்குக் கை இருந்தது, வாய் இருக்கவில்லை. சென்ற தேர்தல்களில் துண்டுப்பிரசுரம் விநியோகிக்கச் சிறுவர்களை அனுப்பியவர்களைக் கண்டபோது எனக்கு அந்தச் சிறுவன்தான் நினைவுக்கு வந்தான். வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லி, அந்தச் சிறுவன் வாய் திறந்திருந்தால் என்ன கேட்டிருப்பான் என்று எழுதச் சொல்லுங்கள்.

வாக்குரிமையின் எல்லை நகர்ந்துகொண்டே வந்ததையும் சொல்லலாம். இலங்கையில் 1931இல் சர்வசன வாக்குரிமை கிடைத்தபோது வயது 21; 1959இல் அது 18 ஆனது. ஒஸ்திரியாவில் 2007 முதல் 16.

மீண்டும் திருமலை ஆசிரியை

எல்லோருக்கும் நன்றி. மாம்பழ முறையைச் சென்ற வாரம் செய்து பார்த்தேன். கிரிக்கெட் அணி தயாரித்த முதல் அட்டவணையில் வலைப்பந்துக்கு வெள்ளிக்கிழமை மட்டுமே இருந்தது. நாட்களை மற்றவர்கள்தான் முதலில் தெரிவு செய்வார்கள் என்று சொன்னதும், ஐந்து நிமிடங்களில் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, இரண்டு நாட்கள், மூன்று நாட்கள் என்று வாரத்துக்கு வாரம் மாறும் அட்டவணையைக் கொண்டுவந்தார்கள். கேள்வி கேட்ட மாணவி அதை ஏற்றுக்கொண்டாள். ஆனாலும் அடுத்த தவணையில் பதின்மூன்று பேரும் வேறு ஏதாவது கேட்டால் மறுபடியும் பழத்தைத்தான் வெட்டுவீர்களா என்று கேட்டாள். அதற்கு என்னிடம் இன்னும் நல்ல பதில் இல்லை.

தந்தையார் சொன்னதையும் மனதில் வைத்திருக்கிறேன். ஆகவே கட்சி, வேட்பாளர் எதுவும் வகுப்புக்குள் வராது. அடுத்த கட்டமாக வரைபடம் வரைகிறோம். பஸ் நிலையத்தருகே மான்கள் குப்பையிலிருந்து பொலித்தீனைத் தின்பதைப் பற்றித்தான் அதிகம் பேர் வரைந்திருக்கிறார்கள். அதை வைத்து உள்ளூராட்சி மன்றத்துக்கு எழுதும் கடிதம் பாதியில் நிற்கிறது. எல்லோரும் பெயர் எழுதிக் கையொப்பமிடுவதா, "தரம் ஏழு மாணவர்" என்று மட்டும் போடுவதா என்பதில் இன்னும் இணக்கம் வரவில்லை. மாகாண சபையைப் பற்றிக் கேட்டவன் அதைத் தனிக் கடிதமாக எழுத விரும்புகிறான்; யாருக்கு அனுப்புவது என்று இருவருமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஏதாவது பதில் வந்தால் இங்கே பதிகிறேன்.