யூனியன் ஒப்பந்தத்தில் சீனியாரிட்டி: லேஆஃப் வந்தால் எந்தத் தேதி செல்லும், யாரை நகர்த்தலாம்?

இரண்டாம்ஷிப்ட்:

அமெரிக்காவில் யூனியன் உள்ள ஒரு தனியார் தொழிற்சாலை. பிரெஸ் பிரிவில் ஒன்பது வருடம் இருந்த ஒருவர் விண்ணப்பித்து அசெம்பிளிக்கு மாறி இரண்டு வருடம் ஆகிறது. இப்போது அசெம்பிளியில் ஆள்குறைப்பு (லேஆஃப்) அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பிரிவின் சீனியாரிட்டிப் (சேவை மூப்புப்) பட்டியலில் அவர் பெயர் கிட்டத்தட்டக் கடைசியில் இருக்கிறது. ஆலை முழுவதற்குமான பட்டியலிலோ பாதிக்கு மேலே இருக்கிறது. எச்ஆர் "உங்களுக்கு இரண்டு வருட சீனியாரிட்டிதான்" என்கிறது. ஒப்பந்தத்தில் "திறமையும் தகுதியும் ஏறத்தாழச் சமமாக இருந்தால் சீனியாரிட்டி தீர்மானிக்கும்" என்று ஒரு வரி இருக்கிறது.

எந்தத் தேதி செல்லும்? வேறு பிரிவில் இருக்கும் ஜூனியரை நகர்த்திவிட்டு அந்த இடத்துக்குப் போக முடியுமா? வெளியே போக நேர்ந்தால் திரும்ப அழைக்கப்படும் உரிமை எவ்வளவு காலம் நிற்கும்? இதில் சட்டம் தருவது எது, ஒப்பந்தம் தருவது எது என்று பிரித்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒப்பந்தவாசகன்:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்றதெல்லாம் அதைப் பிடித்துத்தான் வரும். தனியார் துறையில் சீனியாரிட்டியைப் பொதுவாக எந்தச் சட்டமும் கொடுப்பதில்லை. 1935ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டம், யூனியனோடு நல்லெண்ணத்துடன் பேரம் பேச வேண்டும் என்று முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது. மூத்தவரைக் கடைசியில்தான் அனுப்ப வேண்டும் என்று அதில் எங்கும் கிடையாது. அந்த உரிமை ஒப்பந்தத்தின் வார்த்தைகளில் மட்டும்தான் வாழ்கிறது. ஆகவே பக்கத்து ஆலையில் என்ன வழக்கம் என்று கேட்டு வருவதால் பயன் இல்லை.

"எவ்வளவு சீனியாரிட்டி" என்ற கேள்விக்கு ஒரே பதில் இருக்காது. ஒரே ஆளுக்கு மூன்று நான்கு தேதிகள் இருக்கலாம்: கம்பெனியில் சேர்ந்த தேதி, இந்த ஆலையில் சேர்ந்த தேதி, பிரிவில் சேர்ந்த தேதி, குறிப்பிட்ட வேலைவகையில் சேர்ந்த தேதி. விடுமுறை நாட்கள், ஓய்வூதியம் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் முதல் தேதி. ஷிப்ட் தேர்வு, ஓவர்டைம் வரிசை, லேஆஃப் போன்ற, ஒருவருக்குக் கிடைத்தால் இன்னொருவருக்குக் கிடைக்காத விஷயங்களுக்கு ஒப்பந்தம் எந்த அலகைச் சொல்கிறதோ அந்தத் தேதி. எச்ஆர் சொல்லும் இரண்டு வருடம் பிரிவுத் தேதியாக இருக்கலாம். அது லேஆஃபின் முதல் படிக்குச் சரியாகவும் அடுத்த படிக்குத் தவறாகவும் இருக்க முடியும்.

ஒப்பந்தத்தின் வரையறை ஷரத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்தாதீர்கள். லேஆஃப், ரீகால் (திரும்ப அழைப்பது), இடமாற்றம், சீனியாரிட்டி இழப்பு ஆகிய நான்கு ஷரத்துகளையும், கடைசியில் ஒட்டியிருக்கும் துணைக் கடிதங்களையும் சேர்த்துப் படியுங்கள். இடமாற்ற ஷரத்தில்தான் உங்கள் விடை ஒளிந்திருக்க வாய்ப்பு. விண்ணப்பித்து மாறியவரின் பழைய பிரிவு சீனியாரிட்டி அங்கேயே உறைந்து நிற்கிறதா, கூடவே வருகிறதா, குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அழிந்துவிடுகிறதா என்று அங்கே இருக்கும். உறைந்து நிற்கிறது என்றால் பிரெஸ் பிரிவில் அவருக்கு இன்னும் ஒன்பது வருடம் இருக்கிறது.

பட்டியலையும் இன்றே சரிபாருங்கள். பல ஒப்பந்தங்களில் பட்டியல் ஒட்டிய பிறகு ஆட்சேபிக்க ஒரு கெடு உண்டு. கெடு தாண்டினால் தவறான தேதிகூடச் சரியானதாகக் கொள்ளப்படும். ஒரே நாளில் சேர்ந்தவர்களுக்குள் யார் முன் என்பதற்கும் ஒரு விதி இருக்கும், குலுக்கலோ அகரவரிசையோ எதுவாகவும் இருக்கலாம்.

நடுவர்மேசை:

நகர்த்துவது பற்றி. இதைத்தான் பம்பிங் என்கிறோம். ஒப்பந்தத்தில் அந்த உரிமை எழுதப்பட்டிருக்க வேண்டும். இருந்தாலும் பிடித்த ஆளைப் பார்த்துக் கைகாட்ட முடியாது. பெரும்பாலான ஒப்பந்தங்களில் அந்த வேலைவகையில் ஆக ஜூனியரைத்தான் நகர்த்தலாம், அதுவும் சம நிலை அல்லது கீழ்நிலை வேலையில். மேல்நிலை வேலைக்குப் பம்ப் செய்ய அனுமதிப்பது அரிது. போகிற வேலைக்கு என்ன கூலியோ அதுதான் கிடைக்கும். நகர்த்தப்பட்டவர் தன் தேதியை வைத்து இன்னொருவரை நகர்த்துவார். இந்தச் சங்கிலி நீளாமல் இருக்க ஒன்று அல்லது இரண்டு முறைக்கு மேல் கூடாது என்று சில இடங்களில் வரம்பு வைத்திருப்பார்கள்.

"திறமையும் தகுதியும்" என்று தொடங்கும் அந்த வாக்கியத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். தகுதி பற்றிய வாசகம் பொதுவாக மூன்று வகை. முதல் வகையில் மூத்தவருக்கே வேலை, தகுதிப் பேச்சே இல்லை. இரண்டாவது, "வேலையைச் செய்யப் போதுமான திறமை இருந்தால் மூத்தவருக்கு". இங்கே ஒப்பிடுவது மூத்தவரையும் வேலையையும். ஜூனியர் இன்னும் நன்றாகச் செய்கிறார் என்பது பொருட்டல்ல. மூன்றாவது உங்களுடையது: இரண்டு ஆட்களின் திறமையை ஒப்பிட்டு, சமமாக இருந்தால் மட்டும் சீனியாரிட்டி. தொழிலாளிக்கு மூன்றிலும் பலவீனமானது இதுதான். ஆனால் "ஏறத்தாழ" என்ற சொல்லை விடாதீர்கள். சிறு வித்தியாசம் போதாது, ஜூனியர் கண்ணுக்குத் தெரியும் அளவில் மேலானவராக இருக்க வேண்டும் என்றே ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் நடுவர்கள் பலரும் இதைப் படிக்கிறார்கள். முதல் மதிப்பீடு நிர்வாகத்தின் கையில்தான். அது மனம்போன போக்கிலோ பாரபட்சமாகவோ இருந்தால் நடுவர் தள்ளிவிடுவார். மேற்பார்வையாளரின் பொதுவான அபிப்பிராயம் மட்டும் ஆதாரமாக வந்தால் நிர்வாகத்துக்குச் சங்கடம். தேர்வு முடிவும் உற்பத்திக் கணக்கும் வந்தால் நமக்குச் சங்கடம்.

ஒன்பது வருடம் பிரெஸ் ஓட்டியவருக்கு அந்தப் பிரிவில்தான் வாதம் வலு. ஷிப்பிங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சான்று கேட்டால், அது லேஆஃப் நாளில் கோப்பில் இருக்க வேண்டும். பிறகு எடுத்து வருகிறேன் என்பது செல்லாது. புது இடத்தில் பழகிக்கொள்ளச் சில நாள் தருவதும் முழுப் பயிற்சி தருவதும் வேறு வேறு. முன்னது பல ஒப்பந்தங்களில் உண்டு, பின்னது எழுதியிருந்தால்தான்.

இதில் ஆட்கள் தோற்பது அதிகமும் வாதத்தில் இல்லை, படிவத்தில். விருப்பம் தெரிவிக்கும் அவகாசம் சில வேலை நாட்கள்தான் இருக்கும். ஒரே ஒரு வேலையை மட்டும் எழுதி, அது கிடைக்காமல் நேராக வெளியே போனவர்கள் உண்டு. தகுதியுள்ள எல்லா வேலைகளையும் விருப்ப வரிசையில் எழுதி, தேதி போட்ட நகலை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுத்தால் உடனே கிரீவன்ஸ் (ஒப்பந்த மீறல் பற்றிய முறையீடு). அதற்கும் கெடு உண்டு, லேஆஃப் நடந்த நாளிலிருந்தோ தெரிய வந்த நாளிலிருந்தோ எண்ணுவார்கள். எந்த ஷரத்து மீறப்பட்டது என்பதோடு "தொடர்புடைய மற்ற ஷரத்துகளும்" என்று சேர்த்து எழுதுங்கள். கேட்கும் நிவாரணத்தில் இழந்த கூலி, சலுகைகள், சீனியாரிட்டி மூன்றும் இருக்கட்டும்.

தறியோன்:

ரீகால். லேஆஃப் போன வரிசைக்குத் தலைகீழாக அழைப்பார்கள், ஆக மூத்தவர் முதலில். எவ்வளவு காலம் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். நிலையான ஒரு காலமாக இருக்கலாம், அல்லது அவரவர் சேவைக்காலத்தின் அளவாக இருக்கலாம். அது முடிந்தால் சீனியாரிட்டி அறுந்துவிடும், மறுபடி சேர்ந்தால் புது ஆள்தான். அழைப்பு பெரும்பாலும் கடைசியாகப் பதிவான முகவரிக்குப் பதிவுத் தபாலில் வரும். வீடு மாறி, எச்ஆருக்கு எழுத்தில் தெரிவிக்காமல் உரிமை இழப்பது வருந்தத்தக்க அளவு சாதாரணம்.

ஒப்பந்தத்தைத் தாண்டிச் சட்டம் குறுக்கிடும் இடம் சில உண்டு. ராணுவப் பணிக்குப் போய்த் திரும்புபவருக்கு, போகாமலே இருந்திருந்தால் எந்தப் படியில் நின்றிருப்பாரோ அந்தப் படி. உச்ச நீதிமன்றம் 1946இல் சொன்ன இந்தக் கொள்கை 1994ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இருக்கிறது. குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தில் இது கிடையாது. சம்பளமில்லாத அந்த விடுப்பில் சீனியாரிட்டி வளர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஒப்பந்தம் சொன்னால்தான் வளரும். பலரும் இதைத் தவறாக எண்ணியிருக்கிறார்கள். 100 பேர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனம் ஆலையை மூடும்போதும் பெருவாரியாக ஆள்குறைக்கும்போதும் 60 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்ற 1988ஆம் ஆண்டுச் சட்டமும் யாரை முதலில் அனுப்புவது என்பதைத் தொடவில்லை.

இரண்டாம்ஷிப்ட்:

மிக்க நன்றி. இடமாற்ற ஷரத்தில் "பழைய பிரிவு சீனியாரிட்டி உறைந்து நிற்கும்" என்றே இருக்கிறது. இன்னொன்று: அசெம்பிளியின் ஸ்டூவர்ட் (தளத்தில் யூனியனின் பிரதிநிதி) இவரைவிட ஜூனியர். அவர் பெயர் லேஆஃப் பட்டியலில் இல்லை. இது செல்லுமா? யூனியனே கிரீவன்ஸை எடுக்க மறுத்தால்?

நடுவர்மேசை:

உறைந்து நிற்கிறது என்றால் பிரெஸ்தான் முதல் விருப்பமாக இருக்க வேண்டும்.

ஸ்டூவர்டுக்குத் தனிச் சீனியாரிட்டி ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் செல்லும். அந்த 1935ஆம் ஆண்டுச் சட்டத்தை அமலாக்கும் தேசியத் தொழிலுறவு வாரியம் 1975இல் டெய்ரிலீ வழக்கில் அதற்கு எல்லை போட்டது: லேஆஃபிலும் ரீகாலிலும் அவருக்கு முன்னுரிமை நியாயம், ஏனென்றால் தொழிலாளரின் குறையைக் கேட்க ஆள் தளத்தில் இருக்க வேண்டும். அதைத் தாண்டி நல்ல ஷிப்ட், ஓவர்டைம் என்று நீட்டினால் சட்டவிரோதமென்றே கருதப்படும், நியாயம் என்று காட்டும் பொறுப்பு அந்தச் சலுகையை ஆதரிக்கும் தரப்புக்கு. 1983இல் வாரியம் இன்னும் இறுக்கியது. கிரீவன்ஸ் வேலையோ ஒப்பந்தத்தை நிர்வகிக்கும் வேலையோ தளத்தில் செய்யாத யூனியன் நிர்வாகிகளுக்கு இது பொருந்தாது. ஒப்பந்தத்தில் எழுதாமல் வாய்வழக்கமாக விட்டுவைத்திருந்தால் கிரீவன்ஸுக்கு இடம் உண்டு.

யூனியன் ஒவ்வொரு கிரீவன்ஸையும் நடுவர்வரை கொண்டுபோகக் கடமைப்பட்டதல்ல. 1967இல் வாக்கா எதிர் சைப்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வைத்த அளவுகோல், மறுப்பு மனம்போன போக்கிலோ பாகுபாட்டாலோ தீய எண்ணத்தாலோ இருக்கக் கூடாது என்பது. விசாரித்துவிட்டுத் தோற்கும் என்று கருதிக் கைவிட்டால் அது மீறல் இல்லை. விசாரிக்கவே இல்லை, அலட்சியமாகக் கெடுவைத் தவறவிட்டார்கள் என்றால் வாரியத்தில் புகார் செய்யலாம். அதற்கு ஆறு மாதம்தான். மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அந்தத் தேதியிலிருந்து எண்ண வசதியாக இருக்கும்.