ஆர்.இ.எம். பிறந்த ஊரில்

மும்பையில் நடந்த கோல்ட்பிளே கச்சேரியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அந்த பிரிட்டிஷ் ராக் குழுவினர் கல்லூரி விடுதியில் சந்தித்துக்கொண்டவர்கள். என் பங்குக்கு இன்னொரு கல்லூரிக் கூட்டாளிகளின் கதையைச் சொல்கிறேன். நான் மேற்படிப்புக்குப் போய் இறங்கிய ஊர், அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ். ஆர்.இ.எம். என்ற ராக் இசைக்குழு 1980-இல் உருவானது அங்கேதான்.

குழுவின் பெயர் தெரியாதவர்களுக்கும் அவர்களுடைய 'லூசிங் மை ரிலிஜன்' பாட்டின் வீடியோ ஞாபகம் இருக்கலாம். நம் வீடுகளுக்குக் கேபிள் டிவி வந்த புதிதில் எம்டிவியில் அடிக்கடி ஓடியது. அதை இயக்கியவர் ஜலந்தரில் பிறந்த தர்செம் சிங். 1991-இல் எம்டிவியின் சிறந்த வீடியோ விருது அதற்குத்தான் கிடைத்தது. அந்தப் பாட்டில் வரும் மேண்டலினை கிடார் கலைஞர் பீட்டர் பக் அப்போதுதான் பழகிக்கொண்டிருந்தார். டிவி பார்த்தபடி சும்மா மீட்டிக்கொண்டிருந்தபோது அகப்பட்ட மெட்டு அது. மேண்டலின் ஸ்ரீநிவாஸைக் கேட்டு வளர்ந்த என் காதுக்கு வாசிப்பு கத்துக்குட்டித்தனமாகத்தான் பட்டது. ஆனால் பாட்டு மண்டையை விட்டுப் போகவில்லை.

ஏதென்ஸ் போனபிறகுதான் அந்தக் குழுவின் நால்வரில் மூவர் என் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடிக்காமல் போனவர்கள் என்று தெரிந்தது. பாடகர் மைக்கேல் ஸ்டைப் ஓவிய மாணவர். பேஸ் வாசித்த மைக் மில்ஸும் டிரம்ஸ் பில் பெர்ரியும் மேக்கன் நகரத்துப் பள்ளித் தோழர்கள். சேர்ந்தே படிக்க வந்தவர்கள். பக் மட்டும் வேறு கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, வக்ஸ்ட்ரி என்ற இசைத்தட்டுக் கடையில் வேலை பார்த்தவர். ஸ்டைப் அங்கே தட்டு வாங்க வருவார். பழக்கம் அப்படித்தான் தொடங்கியது. இருவரும் கைவிடப்பட்ட ஒரு தேவாலயத்தில் குடியிருந்தார்கள். 1980 ஏப்ரல் 5 அன்று தோழி ஒருவரின் பிறந்தநாள் விருந்துக்காக அங்கேயே நால்வரும் முதன்முதலாக வாசித்தார்கள். கட்டடத்தை 1990-இல் இடித்துவிட்டார்கள், கோபுரம் மட்டும் மிச்சம். வழி கேட்டுப் போய்ப் பார்த்தேன். அடுக்கு வீடுகளுக்கு நடுவே, கார்கள் நிறுத்தும் இடத்தை ஒட்டி, எதற்கும் சொந்தமில்லாததுபோல நின்றது. 'இதைப் பார்க்கவா வந்தாய்' என்று கூட வந்த அறைத்தோழன் முறைத்தான்.

அவனைச் சமாதானப்படுத்த வீவர் டி'ஸ் என்ற சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போனேன். நீங்கள் என்ன கேட்டாலும் உரிமையாளர் 'ஆட்டோமேட்டிக்!' என்பார். கடையின் வாசகமே 'ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்'. அவரிடம் முறையாக அனுமதி வாங்கித்தான் 1992 ஆல்பத்துக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். அந்த ஆல்பம் உலகம் முழுக்கக் கோடிப் பிரதிக்கு மேல் விற்றது. கடை என்னவோ அப்போதும் அதே சின்னக் கடைதான்.

எனக்கு இந்தக் குழுவிடம் பிடித்தது பாட்டைவிட அவர்கள் கணக்கு வழக்கு. கல்லூரியில் நானும் கீபோர்டு வாசித்தவன். ஆம்ப்ளிஃபையர் யார் காசில் வாங்கியது என்ற சண்டையிலேயே எங்கள் குழு கலைந்துபோனது. இவர்கள் எந்தப் பாட்டை யார் எழுதினாலும் பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று நால்வர் பெயரையும் அகரவரிசையில் போட்டார்கள். வரும்படியும் நாலு சமபங்கு. ஒருவர் வேண்டாம் என்றாலும் அந்தக் காரியம் நடக்காது. 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டில் பெரும்பகுதி டிரம்மர் பெர்ரி போட்டது. வேடிக்கை என்னவென்றால், அதில் தாளம் டிரம் மெஷினுடையது. தன் பாட்டில் தன் வாத்தியத்தையே ஓரங்கட்ட ஒரு டிரம்மர் சம்மதிக்கிறார் என்றால், அடுத்த பாட்டில் தன் பங்கு போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இல்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது.

முதல் முழு ஆல்பம் 'மர்மர்' 1983-இல் வந்தது. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' விற்பனையில் உலகை உலுக்கிக்கொண்டிருந்த வருஷம். ரோலிங் ஸ்டோன் பத்திரிகை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக 'மர்மர்'ஐத் தேர்ந்தெடுத்தது. ஆனாலும் பெரிய கம்பெனியான வார்னருக்குப் போனது 1988-இல்தான். ஆரம்ப வருஷங்களில் வேனில் ஊர் ஊராகச் சுற்றியதுதான் பிழைப்பு.

அடி விழுந்தது 1995-இல். மார்ச் 1 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் மேடையிலேயே பெர்ரிக்குத் தலையில் கடும் வலி. மூளை ரத்தக்குழாயில் வீக்கம் வெடித்திருந்தது. அறுவை சிகிச்சை முடிந்து பிழைத்து வந்தார். அதே சுற்றுப்பயணத்தில் மில்ஸுக்கு வயிற்றில் ஓர் அறுவை, ஸ்டைப்புக்குக் குடலிறக்கம். 1997-இல் பெர்ரி விலகி, ஏதென்ஸ் பக்கமே விவசாயம் பார்க்கப் போய்விட்டார். 'நான் போவதால் நீங்கள் கலைவீர்கள் என்றால் போகவில்லை' என்கிற நிபந்தனையோடுதான் விலகினாராம்.

நேரில் பார்த்தாயா என்று கேட்பீர்கள். ஒருமுறை காபிக் கடை வரிசையில், எனக்கு இரண்டு ஆள் முன்னால் நின்றவரைக் காட்டி, ஆய்வகத்து உள்ளூர்க்காரர் புருவத்தை உயர்த்தினார். ஸ்டைப்பேதானா என்று இன்றைக்கும் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கடையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருவரும் கேமராவை எடுக்கவில்லை. 'இங்கே அதெல்லாம் செய்ய மாட்டோம்' என்று அந்த உள்ளூர்க்காரர் என் காதோடு சொன்னார். நம் ஊரில் ஒரு துணை நடிகர் டீக்கடைக்கு வந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு விளக்க வேண்டியதாயிற்று.

2008-இல் அட்லாண்டாவில் கச்சேரி பார்த்தேன். பாடுவதற்கு முன் வரிகளைத் தாளில் வைத்துக்கொள்ளும் பழக்கம் ஸ்டைப்புக்கு உண்டு. அன்றும் அந்தத் தாள்களோடு வந்து, பாடிய குரலில் ஒரு பிசிறு இல்லை. அதன்பின் புதுப் பாட்டுகளோடு ஒரே ஒரு ஆல்பம். 2011 செப்டம்பர் 21 அன்று, இணையதளத்தில் சின்ன அறிவிப்போடு கலைந்துவிட்டார்கள். வழக்கு இல்லை, வசைபாடல் இல்லை, 'கடைசி' என்று விளம்பரம் போட்டு டிக்கெட் விற்ற சுற்றுப்பயணமும் இல்லை.

2024 ஜூனில் பாடலாசிரியர்களுக்கான கௌரவ விழாவில் நால்வரும் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு வாசித்தார்கள், அந்த மேண்டலின் பாட்டுத்தான். மறுபடி சேர என்ன வேண்டும் என்று தொலைக்காட்சியில் கேட்டபோது, 'ஒரு வால் நட்சத்திரம்' என்றார் மில்ஸ்.

இவர்கள் பாட்டை எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். 1992 ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள் தம்பி. அப்புறம் 'மர்மர்'. அதில் ஸ்டைப் என்ன பாடுகிறார் என்று புரியாவிட்டால் கவலை வேண்டாம், அமெரிக்கர்களுக்கும் புரியவில்லை.