கச்சேரிப் பதிவுகள்: விலைக்கு வாங்குவதா, மாதச் சந்தாவா?

கேள்வி:
கேட்பது பெரும்பாலும் கர்நாடகக் கச்சேரிகள், கொஞ்சம் பழைய சினிமாப் பாட்டு. பாதி நேரம் காரில், சிக்னல் கிடைக்காத மலைப்பாதையில். ஸ்பாட்டிஃபை மாதிரி பாட்டுச் செயலியின் சந்தா போதுமா, சிடி வாங்கிச் சேர்க்கலாமா?

பதில் 1:
சந்தாவில் 'டவுன்லோட்' என்பது பூட்டிய கோப்பு. ஸ்பாட்டிஃபையில் 30 நாளுக்கு ஒருமுறையாவது போன் இணையத்தில் இணைய வேண்டும். சந்தா நின்றால் இறக்கி வைத்தது ஓடாது. உரிமை ஒப்பந்தம் முடிந்த பாட்டும் காணாமல் போகும். புதுப் பாடல்களைத் தேடிக் கேட்கச் சந்தாதான் மலிவு. திரும்பத் திரும்பக் கேட்கிற கச்சேரியை வாங்கிவிடுங்கள்.

பதில் 2:
சிடியை 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' மென்பொருளில், செக்யூர் மோடில் (படித்ததைச் சரிபார்க்கும் முறை), ஃபிளாக் கோப்பாக (தரம் குறையாமல் சுருக்கும் வகை) எடுங்கள். 5 நிமிடப் பாட்டு சுமார் 30 எம்பி. தரம் சற்றுக் குறையும் 320 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பு என்றால் 12 எம்பி. கீறல் உள்ள இடத்தில் டிரைவ் மீண்டும் மீண்டும் படிக்கும், பொறுங்கள். சிடியைத் துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் தடத்தின் போக்கிலேயே கீறல் விழும். அதை டிரைவின் பிழைத்திருத்தத்தால் சரிக்கட்டுவது கடினம்.

பதில் 3:
கச்சேரி சிடிகளில் ஆலாபனை ஒரு டிராக், கிருதி அடுத்தது என்று பிரித்திருப்பார்கள். காரில் கேட்க எம்பி3 ஆக்கும்போது ஒவ்வொன்றின் தலையிலும் வாலிலும் துளி மௌனம் சேரும். தம்புரா சுருதி சட்டென்று அறுந்து ஒட்டும், காதுக்குப் பெரிய வேதனை. இரண்டையும் ஒரே கோப்பாக இணைத்த பிறகு எம்பி3 ஆக்குங்கள். பென் டிரைவை ஃபேட்32 என்ற கோப்பு அமைப்பில் ஃபார்மட் செய்யுங்கள்; பல கார் ஸ்டீரியோக்கள் என்டிஎஃப்எஸ் என்ற அமைப்பைப் படிக்காது.

பதில் 4:
ஃபிளாக் மூலத்துக்கு இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் நகல் கட்டாயம் வேண்டும்.